பல் டாக்டரிடம் போக நடுங்குகிறவர்களுக்கு: மரப்பு ஊசி முதல் முழு மயக்கம் வரை

பல் வைத்தியத்தில் மருந்துக்கு இரண்டு வேலை. வலியை நிறுத்துவது ஒன்று, பயத்தைத் தணிப்பது இன்னொன்று. ஈறில் போடும் மரப்பு ஊசி முதல் வேலையை மட்டும் செய்யும். சிரிப்பு வாயு, மாத்திரை, கை ரத்தக்குழாயில் ஏற்றும் நரம்பு ஊசி மூன்றும் இரண்டாவது வேலைக்கு. "மயக்கம் கொடுத்துட்டா அந்த ஈறு ஊசி வேண்டாம்தானே டாக்டர்?" என்று கேட்கிறவர்கள் நிறைய. வேண்டும். பல் சரியாக மரக்காமல் ஆளை மட்டும் தணித்தால், வலி வரும்போது அவர் அரைத்தூக்கத்தில் கையைத் தட்டிவிடுவார், தலையைத் திருப்புவார். அதை அடக்க இன்னும் கொஞ்சம் மருந்து ஏறும். மூச்சு மெலியும். சிக்கல் தொடங்கும் வழிகளில் இது முக்கியமான ஒன்று.

ஆகவே எந்த வழிக்குப் போனாலும் மரப்பு ஊசி உண்டு. அதற்கு மேல் எவ்வளவு குறைவாகச் சேர்த்தால் உங்கள் வேலை முடியும் என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

எதற்குப் பயம் என்று முதலில் பிரியுங்கள்

பல் பயத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஐந்து கேள்விகள் இருக்கின்றன. நாளை பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வெளியே காத்திருக்கும்போது? பல்லை டிரில் செய்யப் போகும்போது? பல் கிளீனிங் செய்யும்போது? மேல் கடைவாய்ப்பல் ஈறில் ஊசி போடும்போது? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுங்கள். மொத்தம் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பயம் என்று கணக்கு. அந்தத் தாளைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். "கொஞ்சம் பயமா இருக்கு" என்று வாயால் சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

மொத்த மதிப்பெண்ணைவிட எந்தக் கேள்வியில் 5 விழுந்தது என்பது முக்கியம். சத்தம்தான் தொல்லை என்றால் ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் பாதி போய்விடும். இன்னொரு காது டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். எக்ஸ்ரே பிலிமை வாயில் வைத்தாலோ, அளவெடுக்கும் அச்சை வைத்தாலோ குமட்டுகிறது என்றால் சிரிப்பு வாயு நல்ல பலன் தரும். "நிறுத்தச் சொன்னால் நிறுத்தமாட்டார்" என்பது பயம் என்றால் மருந்தே தேவைப்படாமல் போகலாம். இடது கையைத் தூக்கினால் உடனே கருவியை எடுத்துவிட வேண்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் ஒருமுறை தூக்கிச் சோதித்தும் பாருங்கள். இந்த வகை ஆட்களுக்குக் கனமான மருந்து சில நேரம் பயத்தைக் கூட்டும், கட்டுப்பாடு கையைவிட்டுப் போகிறதே என்று. ஊசியே ஆகாது என்பவர்களில் பலர் வாய் ஊசிக்கு நடுங்கினாலும் கை ஊசியைத் தாங்கிக்கொள்வார்கள். கையிலும் முடியாது என்றால் லிக்னோகெய்ன்-பிரிலோகெய்ன் என்ற மரப்பு மருந்துகள் கலந்த கிரீமைப் புறங்கையில் கனமாகப் பூசி, பிளாஸ்டிக் ஒட்டி ஒரு மணி நேரம் விட்டால் குத்துவது அவ்வளவாகத் தெரியாது. கிளினிக்கில் கேட்டு, எங்கே பூசுவது என்று காட்டச் சொல்லி, வீட்டிலேயே பூசிக்கொண்டு வரலாம்.

மரப்பு ஊசி சரியாக வேலை செய்ய

பலருடைய பல் பயம், அரைகுறையாக மரத்த ஒரு சிகிச்சையில் தொடங்கியதாக இருக்கும். ஆகையால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நம் ஊரில் வழக்கமாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெய்ன், கூடவே அட்ரினலின், 1:80,000 அல்லது 1:2,00,000 விகிதத்தில். அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே பிடித்து வைக்கும், ரத்தக்கசிவும் குறையும். ஊசி போட்ட ஓரிரு நிமிடத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தால் அது பெரும்பாலும் இந்த அட்ரினலின் வேலை. சில நிமிடங்களில் அடங்கிவிடும். "எனக்கு அந்த ஊசி ஒத்துக்காது" என்று வருகிறவர்களிடம் விசாரித்தால் அநேகமாக இந்தப் படபடப்பு, இல்லையென்றால் பயத்தில் வந்த தலைசுற்றல். லிக்னோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. உடம்பெல்லாம் தடிப்பு, முகவீக்கம், இழுப்பு வந்திருந்தால் மட்டும் அதைத் தெளிவாகச் சொல்லி, ஒவ்வாமைச் சோதனைக்குப் பிறகு பல்லில் கை வைக்கச் சொல்லுங்கள்.

ஊசி வலிக்காமல் இருக்க மூன்று விஷயம். ஈறைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, மரப்பு ஜெல் தடவி, 2 நிமிடமாவது விட வேண்டும். தடவிய கையோடு குத்தினால் ஜெல்லால் பயன் இல்லை. மருந்தை மெதுவாகச் செலுத்த வேண்டும், ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்பது நல்ல வேகம். திசு விரிய நேரம் கொடுக்காமல் அழுத்தித் தள்ளுவதால்தான் பாதி வலி. மூன்றாவது, மேல் அண்ணத்தில் போடும் ஊசி எல்லோருக்குமே சுருக்கென்றுதான் இருக்கும். அங்கே சதை எலும்போடு ஒட்டிக்கிடக்கிறது, மருந்து போக இடமில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுகிற டாக்டர் நல்ல டாக்டர்.

கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் போட்டால் 3 முதல் 5 நிமிடத்தில் அந்தப் பக்கத்து உதடும் பாதி நாக்கும் தடித்துப்போன மாதிரி ஆகும். உதடு மரத்ததால் பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேர் சிகிச்சை என்றால், தொடங்கும் முன் குளிர் ஸ்பிரே நனைத்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சம் இருந்தால் இன்னும் மரக்கவில்லை. ராத்திரி முழுக்கத் தெறித்த பல்லில் மரப்பு சரியாக ஏறாது. நரம்பு கொதித்துக் கிடக்கிறது. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மையோடு இருப்பதால் மருந்து நரம்புக்குள் புகுவதும் குறைகிறது. அப்போது செய்யக்கூடியவை இருக்கின்றன: இரண்டாவது ஊசி, பல்லைச் சுற்றிய இணைப்புத் திசுவில் ஊசி, 4 சதவீத ஆர்ட்டிகெய்ன் என்ற வேறு மரப்பு மருந்து, அல்லது சீழை வடித்துவிட்டு இன்னொரு நாள் வருவது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

இந்த ஊசி மட்டும்தான் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஊசி என்றாலே வெறும் வயிறு என்று காலையிலிருந்து காபிகூடக் குடிக்காமல் வந்து, நாற்காலியில் வியர்த்து, வெளுத்து, சாய்கிறவர்கள் அதிகம். அப்படி ஆனால் நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தலையைவிட உயர்த்தினால் ஒரு நிமிடத்தில் தெளியும்.

சிரிப்பு வாயு

நைட்ரஸ் ஆக்சைடு. 1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் நடந்த ஒரு வேடிக்கைக் காட்சியில், இந்த வாயுவைச் சுவாசித்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் உட்கார்ந்திருப்பதை ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் பார்த்தார். மறுநாளே அதே வாயுவை உள்ளிழுத்துத் தன் பல்லைப் பிடுங்கச் சொன்னார். இன்று அதைத் தனியாகக் கொடுப்பதில்லை, ஆக்ஸிஜனோடு கலந்துதான்.

நடப்பது இப்படி. மூக்கில் மட்டும் பொருந்தும் சின்ன மாஸ்க் வைப்பார்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் வெறும் ஆக்ஸிஜன். பிறகு நிமிடத்துக்கு 10 சதவீதம் வீதம் வாயுவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அநேகருக்கு 30 முதல் 50 சதவீதத்துக்குள் போதும். சரியான அளவில் விரல்நுனியில் சிலுசிலுப்பு, உடம்பில் ஒரு கதகதப்பு, கைகால் கனமாகவோ லேசாகவோ தோன்றுவது, சத்தம் தள்ளிக் கேட்பது. கண் திறந்திருக்கும், கேட்டால் பதில் வரும். வியர்த்தாலோ, குமட்டினாலோ, அறை சுற்றினாலோ அளவு கூடிவிட்டது. கையைத் தூக்குங்கள், குறைத்தால் ஓரிரு நிமிடத்தில் சரியாகும். இந்த வாயுவின் பெரிய வசதியே இதுதான், ஏறுவதும் இறங்குவதும் வேகம். இந்த நிலையில் மரப்பு ஊசி போடுவார்கள்; பலருக்கு அது போட்டதே பெரிதாகத் தெரியாது.

மாஸ்க் போட்டபின் வாயால் மூச்சு விடவோ பேசிக்கொண்டிருக்கவோ கூடாது. உங்களுக்குப் போக வேண்டிய வாயு அறையில் கலந்து டாக்டரும் உதவியாளரும் சுவாசிப்பார்கள். முடிவில் 5 நிமிடம் முழு ஆக்ஸிஜன் கட்டாயம். ரத்தத்திலிருந்து வாயு வேகமாக வெளியேறி நுரையீரலில் நிறையும்போது ஆக்ஸிஜனுக்கு இடம் குறைந்துவிடும், அதற்காக. இதைத் தவிர்த்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் மிஞ்சும். பெரியவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து, தெளிந்துவிட்டதாக டாக்டர் பார்த்துச் சொன்னால் தனியாகவே வீட்டுக்குப் போகலாம். அன்று கனமான சாப்பாடு வேண்டாம், சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

யாருக்கு ஆகாது: சளியால் மூக்கடைத்திருப்பவர்கள், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், சமீபத்தில் காதின் நடுப்பகுதியில் அறுவை செய்தவர்கள், விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள். வைட்டமின் பி12 குறைபாடும் இதில் சேரும். இந்த வாயு அந்த வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். சைவ உணவுக்காரர்களும், பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் கை கால் மரமரப்பு இருந்தால் முதலில் பி12 அளவைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

இந்தக் கருவி எல்லா கிளினிக்கிலும் இருக்காது. பல் மருத்துவக் கல்லூரிகளில், குறிப்பாகக் குழந்தைகள் பிரிவில், விசாரித்துப் பாருங்கள். வெளியே "வலியில்லா சிகிச்சை" என்று போர்டு தொங்குவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் அது மரப்பு ஊசியைத்தான் சொல்கிறது.

மாத்திரை

பார்க்க எளிதாக இருப்பதும், ஆட்கள் தாமாகக் கை வைத்து மாட்டிக்கொள்வதும் இதில்தான். டயஸிபாம் 5 முதல் 10 மில்லிகிராம், அல்பிரசோலம் 0.25 முதல் 0.5, லோராஸிபாம் 1 என்பவை பெரியவர்களுக்கு வழக்கமான அளவுகள். சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு. தூக்கமே வராதவர்களுக்கு முந்தின இரவும் ஒன்று தருவதுண்டு. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். இவை சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகள். அக்கம்பக்கத்தில் யாரோ தூக்கத்துக்குச் சாப்பிடும் மாத்திரையைக் கடன் வாங்குவது இன்னும் மோசம்.

மாத்திரையின் குறை, அளவை நடுவில் திருத்த முடியாது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் தாமதமாக ஏறும். "முக்கால் மணி ஆச்சு, ஒண்ணுமே தெரியலையே" என்று இரண்டாவதைப் போட்டால், இரண்டும் ஒன்றாக ஏறும்போது ஆளை எழுப்பவே முடியாது. ஏறவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வேறு நாள் வாருங்கள்.

கூடவே ஓடும் மருந்துகளைப் பாருங்கள். பல் வீக்கத்துக்கு என்று எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் சாப்பிடுகிறவர்களுக்கும், படர்தாமரைக்கு இட்ரகோனசோல் சாப்பிடுகிறவர்களுக்கும் அல்பிரசோலமும், நரம்பு ஊசியில் ஏற்றும் மிடசோலம் என்ற மருந்தும் உடம்பைவிட்டுப் போகாமல் தேங்கும். அதே அளவு மாத்திரை பல மடங்காக வேலை செய்யும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, மது இரண்டும் மூச்சை மேலும் அடக்கும். சத்தமாகக் குறட்டை விட்டு நடுநடுவே மூச்சு நின்று விழிக்கிறவர்கள், தசை தளர்ந்துபோகும் மயஸ்தீனியா நோய் உள்ளவர்கள் இந்த வகையை வீட்டில் போட்டுக்கொள்ளவே கூடாது. வயதானவர்களிலும் குழந்தைகளிலும் சிலருக்கு நேர் எதிராக, அடங்குவதற்குப் பதில் ஆர்ப்பாட்டம் செய்ய வைக்கும்.

மாத்திரை போட்டபின் ஒரு பெரியவர் துணையோடுதான் போய்வர வேண்டும். டூ-வீலர் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போவது நம்மூர்ப் பழக்கம்; ஸ்பீடு பிரேக்கரில் பிடி நழுவினால் போச்சு. ஆட்டோவோ காரோ பிடியுங்கள், துணைக்கு வருகிறவர் பக்கத்தில் உட்காரட்டும், ஓட்ட வேண்டாம்.

நரம்பு ஊசி

கை நரம்பில் சின்னக் குழாய் செருகி மிடசோலம் ஏற்றுவது. முதலில் 1 முதல் 2 மில்லிகிராம் மெதுவாக, பிறகு ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து அரை அல்லது ஒரு மில்லிகிராமாக. பேச்சு குழறத் தொடங்கி, இமை பாதி இறங்கி, சொன்னதைச் செய்யும் நிலையில் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் தூங்குவதில்லை. "வாயைத் திறங்க" என்றால் திறப்பீர்கள். ஆனால் மறுநாள் அதில் பெரும்பகுதி நினைவில் இருக்காது. ஞானப்பல் அறுவை, ஒரே தடவையில் பல பற்கள், கடும் பயம் ஆகியவற்றுக்குப் பொருத்தமானது. சொல்லுக்குப் பதில் வராத ஆழத்துக்குப் போனால், அதுவும் புரோப்போஃபோல் போன்ற மருந்தில் போனால், அது அனஸ்தீசியா டாக்டரின் வேலை. பல் டாக்டர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கக்கூடாது.

வாய் வேலையில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. டாக்டர் வேலை செய்யும் இடமும் நீங்கள் மூச்சு விடும் வழியும் ஒன்றே. தண்ணீர் பீய்ச்சும், பஞ்சு கிடக்கும், தாடை கீழே அழுந்தும். ஒத்துக்கொள்ளும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. பல்லில் வேலை செய்கிறவரைத் தவிர, என் மூச்சை மட்டும் கவனிக்க யார் இருப்பார்?
2. விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கையில் பிபி பட்டை இருக்குமா? மூச்சுக் காற்றின் கரியமில வாயுவைக் காட்டும் கருவி உண்டா? ஆக்ஸிமீட்டர் எண் இறங்குவது மூச்சு குறைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான். கரியமில வாயுக் கருவி உடனே காட்டும்.
3. ஆக்ஸிஜன், உறிஞ்சும் குழாய், மூச்சுக் கொடுக்க அமுக்கும் பை, ஃப்ளுமஸெனில் ஆகியவை அறைக்குள்ளேயே இருக்கின்றனவா?

கேட்டதற்கு முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். ஃப்ளுமஸெனில் என்பது மிடசோலத்தை முறிக்கும் மருந்து. அது கொடுத்துத் தெளிய வைத்தார்கள் என்றால் உடனே வீட்டுக்குக் கிளம்பக்கூடாது. முறிமருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும், மிடசோலம் இன்னும் உள்ளே இருக்கும், ஆள் மறுபடி மயங்கலாம்.

முழு மயக்கம்

நாலைந்து வயதுக்குள் வாய் முழுக்கச் சொத்தையான குழந்தைகள், ஒத்துழைக்க முடியாத மாற்றுத்திறனாளிகள், பெரிய தாடை அறுவை. இவற்றுக்கு இது சரி. ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் முடித்துவிடலாம். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனையில் மட்டும். பிரிட்டனில் பல் சிகிச்சைக்கான முழு மயக்கத்தைக் கிளினிக்குகளில் கொடுப்பதை 2001 முடிவோடு நிறுத்தியே விட்டார்கள். பயம் மட்டும் காரணம் என்றால் பெரியவர்கள் இதில் தொடங்க வேண்டியதில்லை.

முந்தின நாளும் அன்று காலையும்

நரம்பு ஊசி, முழு மயக்கம் இரண்டுக்கும் பொதுவான கணக்கு: தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி, இட்லி மாதிரி லேசான உணவும் பாலும் 6 மணி, பிரியாணி, பூரி போன்ற எண்ணெய் உணவு 8 மணி. பால் கலந்த காபியும் டீயும் தண்ணீர்க் கணக்கில் வராது. இங்கேதான் பலர் தவறி, வந்தபின் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

பிபி மாத்திரையை வழக்கம்போல ஒரு வாய்த் தண்ணீரில் போடுங்கள், டாக்டர் வேறு மாதிரி சொன்னால் தவிர. சர்க்கரைக்காரர்கள் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்; பட்டினியில் இன்சுலினையும் மாத்திரையையும் என்ன செய்வது என்று சர்க்கரை டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் இதை ஒரு வாரம் முன்பே கேட்டுவிட வேண்டும். பட்டினி கிடக்கும்போது இவை ரத்தத்தில் கீட்டோ அமிலத்தை ஏற்றிவிடும் என்பதால் மூன்று நாள் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஆக்ஸிமீட்டர் வெளிச்சம் அதைத் தாண்டிப் போக வேண்டும். சிவக்க மருதாணி வைத்திருந்தால் சொல்லுங்கள், காது மடலில் மாட்டுவார்கள். சட்டைக் கை மேலே ஏறுவதாக இருக்கட்டும்.

குழந்தைகள் விஷயத்தில்

"சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்லுவேன்" என்று மிரட்டிய வாயால், நாற்காலியில் உட்கார வைத்து "வலிக்கவே வலிக்காது" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. இரண்டையும் சொல்லாதீர்கள்.

மூன்று நான்கு வயதிலிருந்து, மூக்கால் மூச்சு விடச் சொன்னால் கேட்கும் பிள்ளைக்குச் சிரிப்பு வாயு கொடுக்கலாம். மிடசோலத்தை வாய்வழியாகக் கொடுக்கும்போது எடைக் கணக்கு, கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அளவில். 20 முதல் 30 நிமிடத்தில் ஏறும். கசக்கும், துப்பிவிட்டால் எவ்வளவு போனது என்று தெரியாது, திரும்பக் கொடுக்கக்கூடாது. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே சீக்கிரம் ஏறும், ஆனால் எரியும். எதுவானாலும் கிளினிக்கில்தான் கொடுக்க வேண்டும், வீட்டில் கொடுத்துவிட்டுத் தூக்கி வருவது கூடாது. தூக்கத்தில் குறட்டை விடும், டான்சில் பெருத்த பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லுங்கள். சளிக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே பென்சோகெய்ன் கலந்த ஈறு ஜெல் வேண்டாம். ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்தபின்

உதடு 3 முதல் 5 மணி நேரம் மரத்திருக்கும். அதுவரை சூடான காபி, ரசம் வேண்டாம். குழந்தைகள் மரத்த உதட்டைச் சூயிங்கம் மாதிரி மென்றுவிடும். மறுநாள் வீங்கி வெள்ளையாகப் புண் தெரியும். சீழ் பிடித்துவிட்டது என்று பதறி ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள், உதடு கடித்த புண்தான், ஒரு வாரத்தில் ஆறும். மரப்பு போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே வழி.

மாத்திரையோ நரம்பு ஊசியோ போட்டவர்கள் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவது, அடுப்பில் நிற்பது, கையெழுத்துப் போடுவது, மது எதுவும் வேண்டாம். தெளிவாகப் பேசுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டாக்டர் சொன்ன எதுவும் அவருக்கு நினைவிருக்காது, ஆகவே மருந்துச் சீட்டைத் துணைக்கு வந்தவர் வாங்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று இரவு ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு இழுபடுகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக 108.

கிளம்பும் முன் ஒரு தாள் கேட்டு வாங்குங்கள்: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் அல்லது எத்தனை சதவீதம், எவ்வளவு நேரம், குமட்டியதா. அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போனாலும் அவர் அதைப் பார்த்து, இன்னும் குறைந்த அளவில் தொடங்க முடியுமா என்று யோசிப்பார்.